மாலை போட்டு ஓட்டிய வண்டி

அக்கா,

நேற்று ஆயுத பூசை. வண்டிக்குச் சந்தனம் குழைத்தபோது கையிலிருந்த கியர் ஆயில் வாசனையும் அதில் கலந்துவிட்டது. அவ்வளவுதான், காலடிப்பேட்டையில் உன் ரேடியேட்டர் பட்டறை வாசலில் மனசால் போய் நின்றுவிட்டேன். நீ போன பிறகு வரும் முதல் பூசை இது. உன்னைக் கிண்டல் பண்ண வழியில்லாமல் நாக்கு அரிக்கிறது. அதான் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த புதிது. துறைமுக யார்டில் கன்டெய்னர் இழுக்க, வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த வண்டி ஒன்றை முதலாளி வாங்கினார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும். மகாராஜா மாதிரி உட்கார்ந்து ஓட்டினேன். ஆனால் நின்று நின்று இழுக்கிற வேலை, நம் ஊர் வெயில். ஆயில் கொதித்து இரண்டு முறை கியர்பாக்ஸ் தீய்ந்துபோனது.

"இன்னொரு தபா தீஞ்சா வண்டிய எடைக்குப் போட்டுருவேன். நீயும் வூட்டப் பாத்துப் போ" என்றார் முதலாளி. எனக்கோ கைக்குழந்தை வீட்டில். உன்னிடம் ஓடிவந்தேன்.

உடைந்த கிரேனில் கழற்றிய, ஆயிலை ஆறவைக்கிற கூலர் ஒன்றை எடுத்துக் காட்டினாய். முறம் அகலம்தான் இருக்கும்.

"இன்னாக்கா, அரிசி பொடைக்கவா?"

"உன் மூளயப் பொடச்சா பதருகூட வராது. இத்த ரேடியேட்டருக்கு முன்னால வெச்சா, ஆயிலு இன்னொரு தபா காத்து வாங்கினு போவும்டா."

காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்தாய். வண்டி நிற்கிற ஷெட்டுக்கே வந்து, ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைய இடம் விட்டு, பட்டை வைத்து முடுக்கினாய். ஆயில் உள்ளே போக ஒரு ஹோஸ் குழாய், வெளியே வர ஒரு ஹோஸ். ஆயில் ஊற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினாய்.

புதுச் சாமான் ஏறினால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? நீ போனதும் முதலாளி கூலர் முழுக்கச் சந்தனம் அப்பினார். லோடுமேன்கள் வண்டியின் மூக்கே தெரியாமல் சாமந்தி மாலை சார்த்தினார்கள். மதியத்துக்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அதே தீய்ந்த வாடை.

"பொம்பள கை வெச்ச வேலை வேற எப்டி இருக்கும்" என்றார் லோடுமேன் ஒருவர். முதலாளி பழைய இரும்பு எடைக்கடைக்குப் போன் போடப் போனார். நான் உன்னைக் கூட்டிவந்தேன்.

நீ நேராக வண்டியிடம் போனாய். இரண்டு கையால் இரண்டு ஹோஸையும் தொட்டாய். இரண்டும் ஒரே கொதிப்பு. பிறகு மாலையைத் தூக்கிப் பார்த்தாய். சந்தனம் காய்ந்து, தகட்டு இடுக்கெல்லாம் பூசின சுவர் மாதிரி அடைத்திருந்தது.

"ஏன் நைனா, உம் மூக்குல சந்தனத்த அப்பி, மேல மாலையப் போட்டு மூடினா நீ மூச்சு வுடுவியா?" முதலாளியையே கேட்டாய்.

"பூச மாலைய தரைல போடக் கூடாதும்மா" என்று இழுத்தார் அவர்.

"இவன் கய்த்துல போடு. இவனும் சாமிதான், ஒரு வேலையும் செய்ய மாட்டான்."

சந்தனத்தைக் கழுவிவிட்டாய். நான் மாலையும் கழுத்துமாக வண்டியை எடுத்தேன். யார்டே விசிலடித்தது. "மாப்ள, பொண்ணு எங்க?" என்றவனுக்கு ஸ்டீயரிங்கைத் தட்டிக் காட்டினேன். முள் ஏறவே இல்லை.

சாயங்காலம் என் கையைப் பிடித்து ஹோஸில் வைத்தாய். உள்ளே போவது சுட்டது. வெளியே வருவது, பிள்ளைக்கு ஆற்றின பால் மாதிரி இருந்தது. நடுவில் இருப்பது வெறும் தகடு! எனக்கே கேலி வராத நாள் அதுதான்.

"இன்னாடா முய்க்கிற? காத்துதான். அதுக்கு வயி வுட்டாப் போதும்" என்றாய்.

நீ போனபோது, ராயபுரம் சர்ச்சில் உன் சவப்பெட்டிக்குள் மாலைமேல் மாலையாகப் போட்டார்கள். கழுத்து மறைந்து முகவாய்வரை வந்துவிட்டது. நான் போய் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிவைத்தேன். உன் கூடப்பிறந்த தம்பி முறைத்தான். "இன்னா பண்ற?"

"காத்து வரட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அதே வண்டிதான் அக்கா, இன்னும் ஓடுகிறது. நேற்றுச் சந்தனம் பம்பருக்கு, மாலை கண்ணாடிக்கு. ஒரு நடை போய்வந்து, ஆட்கள் பொரி தின்றுகொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து இரண்டு ஹோஸையும் தொட்டேன். ஒன்று சுட்டது. ஒன்று சுடவில்லை. நேற்றும் முழித்துக்கொண்டுதான் நின்றேன்.