சந்தனம் பூசிய போர்டு

ஏழாயிரம்பண்ணை,
நவம்பர் 2004.

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை பானுப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் ஷார்ஜாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் பதிலில் உண்மையைச் சொல். போனில் எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கேன்மா என்று ஒரே பாட்டுத்தான் பாடுகிறாய். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, என் கையில் ஏறியிருந்த வெள்ளிப்பொடி போய் இப்போதுதான் தோலின் நிறம் தெரிகிறது. பானு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகிறாள், போகும்போது பவுடர் அதிகம், வரும்போது பாடம் குறைவு. மழை இந்தத் தடவை பரவாயில்லை, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது.

போனில் அரைகுறையாகச் சொன்ன வேன் கேஸைப் பற்றி இப்போது முழுதாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடாதே. ஆயுத பூஜை முடிந்த இரண்டொரு நாளில் எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் தீபாவளிக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று அப்பாவின் வேனைப் பேசி விருதுநகர் பஜாருக்குப் போனோம். கூட்டமான கூட்டம், வேனை நிறுத்த இடமில்லை. சுற்றிச் சுற்றி வந்ததில் ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டி ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு கம்பம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், கழுத்து நிறைய மாலை, உச்சியில் தகடு முழுக்கச் சந்தனம் அப்பி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மைல்கல்லுக்குப் பொட்டு வைத்திருந்தாலும் வண்டியை விட்டு இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டார், தகட்டிலிருந்து கொஞ்சம் சந்தனத்தை எடுத்துத் தண்ணீர் தொட்டுக் குழைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார், சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வேனை அதன் முன்னாலேயே நிறுத்தினார். நாங்கள் சேலைக் கடைக்குள் போய்விட்டோம்.

திரும்பி வந்து பார்த்தால் ஏட்டு ஒருவர் நின்று எழுதிக்கொண்டிருக்கிறார். அது சாமி கம்பம் இல்லையாம், வண்டி நிறுத்தக் கூடாது என்று புதிதாக நட்ட போர்டாம். ஸ்டாண்டுக்காரர்கள் தங்கள் ஆட்டோக்களுக்குப் பூஜை போட்டபோது அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சந்தனத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும். அப்பா தெரியாதுங்கய்யா என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஏட்டு அப்பாவின் நெற்றியைக் காட்டி, "போர்டைத் தொட்டுக் கும்பிட்டுட்டு இப்ப தெரியாதுங்கியா, சந்தனம் இன்னும் காயலய்யா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தது இன்னும் மோசம்.

வேறு நேரமாக இருந்தால் அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு வந்திருப்போம். ஆனால் கோடையில் ஏற்கெனவே இரண்டு கேஸ், பெண்களை ரோட்டோரம் இறக்கிவிட நின்றதற்கு. இரண்டிலும் இவர் தப்புத்தானுங்க என்று கையைக் கட்டிக்கொண்டு கட்டிவிட்டு வந்தார். கம்பெனிக்கு ஆட்களை ஏற்றுகிற வேன் என்பதால் கம்பெனி மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார், இன்னொரு கேஸை ஒத்துக்கொண்டு வந்தால் தீபாவளி முடிந்து பூஜை போட்டுத் திறக்கும்போது வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று. அந்த வேன் இல்லாமல் உன் அப்பாவுக்கு என்ன இருக்கிறது சொல். மறுபடி பட்டாசு மருந்து அறைக்குள் போய் உட்கார அவர் நெஞ்சு தாங்காது, டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அதனால் கட்ட மாட்டோம், கோர்ட்டில் சொல்லிக்கொள்கிறோம் என்று நான்தான் ஏட்டிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நமக்கெதுக்கு அய்யம்மா கோர்ட்டு. அவுக கேப்பாக, நான் ஆமாம்பேன். பொறந்ததுல இருந்து அதுதானே வருது" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அவருடைய அப்பா பண்ணையில் அப்படித்தான் நின்றார், இவரும் கங்காணி, போர்மேன், போலீஸ் என்று எல்லோர் முன்னாலும் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஒரு தடவை இல்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அன்றிலிருந்து தினமும் சோறு போடும்போது நான் ஜட்ஜு மாதிரிக் கேட்பேன், அவர் இல்லைங்க என்று சொன்ன பிறகுதான் குழம்பு ஊற்றுவேன். பானுவுக்குச் சிரிப்பு அடக்க முடியாது.

தீபாவளிக்கு முன்னால் முதல் வாய்தா. வரிசையாக நிற்கிறார்கள், பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஒத்துக்கொள்கிறாயா என்றால் ஆமாங்கம்மா, போய்ப் பணத்தைக் கட்டு, அடுத்த ஆள். இவர் முறை வந்தபோது ஆமா என்று வாய் திறந்து பாதியில் நிறுத்தி, இல்லைங்கம்மா என்றார். ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். சரி, ஏட்டையும் சாட்சியையும் வரச் சொல்லி விசாரிப்போம் என்று தீபாவளிக்குப் பிறகு தேதி போட்டார்கள்.

சாட்சிக்கு ஆட்டோ ஸ்டாண்டு செல்லச்சாமியைத் தேடிப் போனேன். அவர்தான் அந்த வாழையைக் கட்டியவர். வந்தால் போர்டை மறைத்ததற்கு அவர் மேலேயே கேஸ் திரும்பலாம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், "சாமின்னு நெனச்சுக் கும்பிட்ட மனுசன் எங்களாலதானே மாட்டிக்கிட்டாக, நான் வாரேன்" என்றார். முகம் தெரியாத மனிதர், இன்றைக்கும் நினைத்தால் கண் கலங்குகிறது.

போன வாரம் விசாரணை. செல்லச்சாமி கூண்டில் நின்று, பூஜை போட்டது நாங்கள்தான், போர்டு என்று வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டார். ஏட்டு விடவில்லை. இவர் போர்டைத் தொட்டுக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன், நெற்றியில் போர்டுச் சந்தனம் இருந்தது, அதனால் போர்டு இருப்பது தெரிந்துதான் நிறுத்தினார் என்று அழுத்தமாகச் சொன்னார். முடிந்தது என்று நான் நினைத்தேன். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏட்டைக் கேட்டார்கள், "நோ பார்க்கிங் போர்டுன்னு தெரிஞ்சா யாராவது செருப்பைக் கழட்டிக் கும்பிடுவாங்களா?" எங்களை மாட்டிவிட்ட சந்தனமே எங்களைக் காப்பாற்றிவிட்டது பார். ஏட்டையும் குறை சொல்ல முடியாது, அந்த ஊர்க்காரர், பூஜையில் பொரிகடலை வாங்கித் தின்றவர், சந்தனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். செல்லச்சாமியிடம் போர்டைச் சுத்தம் செய்துவிட்டீர்களா என்று ஜட்ஜம்மா கேட்க, கட்டின வாழையைக் கையால் அவிழ்க்கக் கூடாது, அதுவாக வாடி விழ வேண்டும் என்றார் செல்லச்சாமி. அப்படியானால் சந்தனத்தையாவது இன்றைக்கே கழுவுங்கள், அடுத்த வருடம் வேறு கம்பம் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள்.

பிறகு கேஸ் தள்ளுபடி, நீங்கள் போகலாம் என்றார்கள். உன் அப்பா போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எம்புட்டுக் கட்டணும்ங்கம்மா என்று கேட்கிறார். ஒன்றும் கட்ட வேண்டாம், நீங்கள் தப்பு செய்யவில்லை என்றார்கள். அப்படியும் நின்றார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டியதாயிற்று. வேனில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியை எடுக்காமல் வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார், நானும் அவசரப்படுத்தவில்லை. மேனேஜரிடம் தீர்ப்பைச் சொல்லியாயிற்று, கம்பெனி திறக்கிற அன்றைக்கு வேன் அப்பாவுடையதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், பக்கத்து வீட்டுச் சோணைமுத்து மகன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அவன் சொல்லித்தான் தெரியும், வண்டி நிறுத்தக் காசு போடுகிற மீட்டர் பழுதாகிக் கிடக்க, காசு போடாமல் நிறுத்தினாய் என்று உன் மேல் அபராதம் விழுந்திருக்கிறதாம், உன் தப்புத்தான் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம், நீயும் போட்டுவிடலாம் என்று இருக்கிறாயாம். எங்களிடம் ஏன் மறைத்தாய். சண்டை போடாதே, சத்தம் போடாதே, மரியாதையாகப் பேசு, ஆனால் கையெழுத்துப் போடாதே. மீட்டர் பழுது என்று பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போ.

திருக்கார்த்திகைக்கு உன் பெயரையும் சொல்லி விளக்கு ஏற்றுவேன். குலசாமி துணையில் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, போட்டோ ஒன்று அனுப்பு. அப்பாவிடம் ஏதாவது எழுதவா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொல்கிறார், "தலையக் குனியாமப் பேசச் சொல்லு. நம்ம சொல்றதக் கேக்கத்தான் அவுக அங்கன உக்காந்திருக்காக."

இப்படிக்கு,
உன் அம்மா
சு. அய்யம்மாள்