இறங்கிய இடது தோள்

என்னங்க,

நம் ஆட்சி வந்துவிட்டது, உடனே கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. புதிய காவல் படைக்கு நான்தான் சீருடை தைக்கிறேன். நேற்று அதிகாரி ஒருவருக்கு அளவெடுத்தேன். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பழைய ஆட்சியிலும் அந்தத் தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தவள் நான்தான். நீங்கள் தப்பிப்போன மறுநாள், அந்தச் சட்டையோடுதான் வந்து நம் கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பஞ்சு வைக்க மறந்துடாதீங்க தோழர்," என்றார். பழைய குருடி, கதவைத் திறடி.

கிளம்பும்போது, "வீட்டுக்காரர் எப்ப வர்றாரு? ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிட்டு வர்றேன்," என்றார்.

உங்களோடு போராடிய வாத்தியாரையும் போன மாதம் அவர்தான் மாலையோடு ஸ்டேஷனில் வரவேற்றார். வாத்தியார் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

"அவருக்கு அங்கயே வேற குடும்பம் ஆயிடுச்சு. இனிமே வரமாட்டார்," என்றேன். ஊசியில் அடுத்த நூலைக் கோத்தேன்.

வெள்ளையடிப்பு பொய். வராதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுத மனம் வரவில்லை. இதைத் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் எரித்துவிடுங்கள். உங்களுக்கு வேறு குடும்பம் என்றே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா நம்பிவிட்டார், அழுதுகொண்டே இருக்கிறார். அழட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் கைவிட்ட மனைவி