கட்டாத கைகள்

குவைத்

அன்புள்ள ரய்யா,

அல்லாஹ்வின் காவலில் நீயும் நம் பிள்ளைகளும் நலமா? அப்பாவின் மூட்டுவலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. வெள்ளிக்கிழமை, இபாதிப் பிரிவினரான நம் வழக்கப்படி கைகளைத் தொங்கவிட்டுத் தொழுதேன். எங்கள் முகாம் சமையல்காரன் ஃபர்ராஜ், பஸ்ராக்காரன், என் கைகளை இழுத்து நெஞ்சில் கட்டப் பார்த்தான்! தொழுகை முடிந்ததும் எல்லார் முன்னாலும், "ஏன்டா, நீயெல்லாம் முஸ்லிமா? காஃபிர்!" என்று கத்தினான். அன்றிலிருந்து என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுவதில்லை.

"நீதான்டா காஃபிர்!" நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். நம் முன்னோர் தனிவழி கண்டது எங்கே? அவனுடைய பஸ்ராவில்தான்! மற்ற முஸ்லிம்களைக் காஃபிர் என்று வெட்டக் கிளம்பிய கூட்டத்தோடு சேரமாட்டோம் என்றுதானே பிரிந்தார்கள்? யாரையும் அப்படிச் சொல்லாத ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பிடிவாதத்தை ஒரு சமையல்காரனுக்காக விட்டுவிடுவேனா?

விழுங்கியது இன்னும் வயிற்றில் எரிகிறது. தனியாகச் சாப்பிட்டால் சோறும் இறங்குவதில்லை. இதைக் கொண்டுவருபவர் திரும்பும்போது உன் கையால் கிண்டிய அல்வா கொடுத்தனுப்பு. நிறைய அனுப்பு. பெரிய தட்டில் கொட்டி அவன் முன்னால் வைக்கப்போகிறேன். கையைக் கட்டிக்கொண்டு எப்படித் தின்கிறான் என்று பார்க்கிறேன்!

அவர் கிளம்புகிறார், முடிக்கிறேன்.

முஹன்னா