அனுமதிக்குக் காத்திருந்த வரி

ஷார்ஜா, 14.3.2006

அன்புள்ள ரூக்ஷாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் இங்கிருந்து நடத்தும் காஞ்சிபுரத்துக்காரர்களின் இணையதளத்துக்கு, செய்தி, ப்ளாக், ஃபோரம் மூன்றும் ஒன்றாக உள்ள மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். புதியவர்கள் எழுதுவது நான் அனுமதித்தால்தான் வெளியே தெரியும். சண்டை வராது என்று அதில் எனக்கொரு பெருமை.

போன வெள்ளிக்கிழமை போனில், "உங்க சைட்ல நான் எழுதினத படிச்சீங்களா?" என்று கேட்டாய். "படிச்சேன், நல்லாருக்குது" என்றேன். பொய். நீ உடனே போனை வைத்துவிட்டாய்.

நேற்றுதான் அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். பிரவுசிங் சென்டருக்குப் போய் நீ எழுதியது பத்தொன்பது நாளாக அங்கேயே கிடக்கிறது: "என்னங்க, பாப்பா நடக்குது. கதவு வரிக்கும் நாலு அடி வச்சுது."

அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. முதல் செருப்பாவது நான் வாங்கியதாக இருக்கட்டும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஆசாத்