நீ எதற்குத் தலையாட்டினாய், ரூமென்?

பிளெவென்,
ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை

அன்பு மகன் ரூமெனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், இடது முட்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மருமகள் மாத்தில்தும் குட்டி எலீஸும் அங்கே நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்றுக்கு ஒன்றுகூட அணையவில்லை. எலீஸுக்கு இருமல் விட்டதா? அம்மா எதற்குத் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாள், யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று பதறாதே, எல்லோரும் குத்துக்கல்லாக இருக்கிறோம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ அந்த நிமிடமே பதில் சொல்லியாக வேண்டும், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஏதாவது சொல்லித் தொலைப்பாய். கடிதம் என்றால் மடித்து வைத்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம். அதற்குத்தான் எழுதுகிறேன். கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன் பயணக் கதையைக் கேள்.

புனித ஜார்ஜ் பண்டிகைக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் கிளம்புகிறோம். நான், கிரஸ்தியோ, மார்கா, மூன்று பேர், மூன்று வண்டி. போர்ச்சுகலில் தரை முடிந்து கடல் தொடங்கும் இடம் வரைக்கும். கிரஸ்தியோவை உனக்குத் தெரியும், டிராலி பஸ் டிப்போவில் நான் ஓட்டி ஒடித்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பழுதுபார்த்தவன். மார்கா உனக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது, என்னோடு பள்ளியில் படித்தவள், இருபது வருடம் ஸ்பெயினில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்த்துவிட்டுப் போன இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வந்தாள், வரும்போதே மோட்டார் சைக்கிளில்தான் வந்தாள். நம் தெருவே வாயைப் பிளந்தது. உன் அப்பாவின் பெரிய வண்டியை விற்றுவிட்டு நான் சின்னதாக ஒன்று வாங்கியபோது நீ சிரித்தாயே, அந்தச் சின்னதுதான் இப்போது மலை ஏறப் போகிறது. செயின் புதிது, பின் டயர் புதிது, பிரேக் கட்டையை கிரஸ்தியோ மாற்றிக் கொடுத்தான். "முப்பது வருஷம் மேல கரண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஓட்டுனவ, இப்ப மேல கம்பி இல்லாம எங்க போய் முட்டப் போறியோ"ன்னு கேட்கிறான். முட்டினால் உன் மேல்தான் முட்டுவேன், நீதான் முன்னால் போகப் போகிறாய் என்று அவனிடம் சொன்னேன். யார் முன்னால் போவது என்பதில்கூட ஒரு முறை உண்டு தெரியுமா? வழி தெரிந்தவன் முதலில், மெதுவாகப் போகிறவர் நடுவில், தைரியசாலி கடைசியில். என்னை நடுவில் போட்டிருக்கிறார்கள். கோபம் வந்தது, அப்புறம் யோசித்துப் பார்த்தால் முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கும் இடம் எனக்குக் கிடைத்து எத்தனை காலமாயிற்று. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு கருவி வாங்கி மாட்டியிருக்கிறோம். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் சாயங்காலம் கிரஸ்தியோ அவன் வீட்டு முற்றத்தில், மார்கா பின் தெருவில், நான் நம் சமையலறையில். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினேன், ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்ததால் கண்கூட எரியவில்லை. மழை வருமா, தயிர் புளித்துவிட்டதா, அந்த மாதிரி ஒன்றுமில்லாத பேச்சு. காதுக்குப் பக்கத்திலேயே ஒரு மனுஷக் குரல் கேட்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா. அப்புறம் கிரஸ்தியோ, "சரி, நல்லா வேலை செய்யுது, அணைச்சிரலாம்"னு அணைத்துவிட்டான், மார்காவும் போய்விட்டாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். இதைப் படித்துவிட்டு நீ மாத்தில்திடம், அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று சொல்லாதே. கழலவில்லை. இந்த வீட்டில் பேசுவதற்கு அந்தப் பிரிட்ஜ் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ராத்திரியில்தான் முனகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ உங்கள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாய், பின்னால் மலையில் பனி இருந்தது. நான் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, டூரினிலிருந்து மலையைத் தாண்டினால் உன் ஊர்தானே, ஒரு ராத்திரி உன் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாமா, உள்ளே இடம் இல்லாவிட்டால் தோட்டத்தில் கூடாரம் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டேன். ரொம்ப நாளாக மனதுக்குள்ளே ஒத்திகை பார்த்துக் கேட்ட கேள்வி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து உன் குரல் போய்விட்டது, படம் மட்டும் இருந்தது. நீ சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினாய். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. அதோடு படமும் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, நெட் போச்சும்மா அடுத்த வாரம் பேசலாம் என்று எழுதி அனுப்பினாய். மேலும் கீழும் ஆட்டினால் என்ன அர்த்தம் ராசா? நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், வேண்டாம் என்று அர்த்தம், பக்கவாட்டில் ஆட்டினால்தான் சரி என்று. சின்ன வயதில் நீ கீரை சூப்புக்கு அப்படித்தான் ஆட்டுவாய், கிண்ணமே கவிழும்படி ஆட்டுவாய். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறானே, அம்மா மனம் நோகக் கூடாது என்று சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், நொந்துதான் போயிற்று. மாத்தில்துக்குப் பிடிக்கவில்லை போல, மூன்று கிழடுகள் சேற்று பூட்ஸோடு வந்து இறங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று அவள் பக்கமும் பேசிப் பார்த்தேன். அப்பாவின் அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவன், மூன்று வருடமாக வரவில்லை, வேலை வேலை என்கிறாய், நானாக வருகிறேன் என்றால் அதுவும் வேண்டாமா என்று அன்றைக்கு உன் அப்பா படத்திடம் சண்டை போட்டேன். அவர் வழக்கம் போல வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் நீ பேசியபோது நீயாக ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். செயின் மாற்றியாச்சா, மழைக்கோட்டு நல்லதாக எடுத்துக்கொள் என்றாயே தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வேண்டாம் என்றவனிடம் போய் இரண்டாவது தடவை கேட்க நான் யார், பிச்சைக்காரியா? கிரஸ்தியோ சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து டூரினிலிருந்து உன் ஊருக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். அதை அழித்துவிடு, கடற்கரை வழியாகவே போய்விடலாம், எனக்குக் கடல் பார்க்க ஆசை என்றேன். "கடல் பாக்குறதுக்கா இத்தனை தூரம்? நம்ம வர்ணாவுல இல்லாத கடலா?"ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்தான். மகனுக்கு வேலை அதிகம், தொந்தரவு பண்ண வேண்டாம் என்றேன். அவன் ரப்பரை எடுத்து அழித்தான், பாதிதான் அழித்தான். உனக்காக எடுத்து வைத்திருந்த சுட்ட மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டிலையும் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி நிலவறையில் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் டயர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் பம்பும் வைத்தேன். பயணத்தின் மேல் இருந்த பாதி ஆசை அதோடு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்று மூன்று பேரும் நம் வீட்டில் சாமான் கட்டினோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், மார்கா சொல்ல வேண்டும். அவள் வாயில் ஈஸ்டர் ரொட்டி, பேச முடியாது. காபிப் பானையைத் தூக்கிக் காட்டினேன். மேலும் கீழும் ஆட்டினாள். சரி வேண்டாம் என்கிறாள் என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ரொட்டியை விழுங்கிவிட்டு ஒரு கத்து கத்தினாள் பார், "ஏண்டி, காபிப் பானைய ஏன் எடுத்து வைக்கிற? வேணும்னுதானே தலைய ஆட்டுறேன், காபி இல்லாம நான் போர்ச்சுகல் வரைக்கும் ஓட்டணுமா?" நீ மேலும் கீழும்தானே ஆட்டினாய், வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, "அட ஆமா, அங்க அதுதாண்டி சரிங்கறதுக்கு. இருபது வருஷம் அப்படியே ஆட்டிப் பழகிருச்சு. இப்ப ரொட்டிக் கடைக்குப் போனா வேண்டாம்னதெல்லாம் பையில விழுது, வேணும்னதெல்லாம் கடையிலயே இருக்கு." கிரஸ்தியோ விட்டானா? "இவ உடம்புதான் ஊர் வந்து சேந்திருக்கு, கழுத்து இன்னும் ஸ்பெயின்லயே வேலை பாக்குது"ன்னான். அவர்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் காபிப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். உன் பால்கனியும் பனியும் உன் சிரிப்பும் ஆடிய தலையும் கண் முன்னால் வந்து நின்றன. நீ அந்த நாட்டுக்குப் போய்ப் பதினாலு வருடம் ஆகிறது ரூமென். உன் கழுத்து இப்போது எந்த ஊர்க் கழுத்து? பெற்றவளுக்கு அதுகூடத் தெரியவில்லையே.

மார்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடிப் பைத்தியக்காரி, பிள்ளைகிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே, இதுக்கு ஒரு மாசமா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா திரிஞ்ச?"ன்னாள். கேட்பது சுலபமா? அன்றைக்கு நீ நம் ஊர்த் தலையைத்தான் ஆட்டியிருந்தால்? இப்போதாவது இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது, கேட்டு அதுவும் போய்விட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பயம். நேற்று அவர்கள் போன பிறகு அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் கேட்காமல் கடற்கரை வழியாகப் போய், நீ அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால்? அதை நினைத்தபோதுதான் பேனாவை எடுத்தேன். கிரஸ்தியோ அழிக்காமல் விட்ட பாதிக் கோடு மேசையில் அப்படியே இருக்கிறது. உன் பதில் வரும் வரை மையால் எதுவும் வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அழித்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, கள்ளன்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது கண்ணா, அம்மா தாங்கிக்கொள்வேன், மாத்தில்த் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல். வா என்றால் தொக்கு பாட்டில் மறுபடி பெட்டிக்குள் ஏறும், பம்பை மார்கா பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். காலைக் குளிரில் பைக்கில் வேலைக்குப் போகும்போது நீ கழுத்தில் ஒன்றும் சுற்றாமல் போகாதே, எலீஸுக்குப் படுக்கும் முன் லிண்டன் பூ டீ கொடு, கசந்தால் தேன் போடு. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், உன் கை தொட்டது துலங்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கிளம்புகிற அன்று வாசலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, உன் அப்பா இருந்தால் அவர் ஊற்றியிருப்பார். நீ முதன்முதல் கிளம்பியபோது பயணம் தண்ணீர் போல ஓடட்டும் என்று நான் ஒரு வாளி முழுக்க ஊற்றி நீ வழுக்கி விழப் பார்த்தாயே. இந்தத் தடவை நானே ஊற்றிவிட்டு நானே தாண்டிப் போய் வண்டியில் ஏறிக்கொள்வேன்.

மறந்துவிடாதே, பதிலை வாயால் சொல், அல்லது எழுது. ஒரே வார்த்தை போதும். தலையை மட்டும் ஆட்டாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா வெனெட்டா

இன்னொன்று. எலீஸ் உங்கள் ஊர் மாதிரிதானே தலையாட்டுவாள்? குழந்தையிடம் போய் நான் தப்பாக ஆட்டிவிடக் கூடாது என்று இன்று காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று மேலும் கீழும் ஆட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பக்கவாட்டில்தான் போகிறது. வந்துவிடும்.