காலி மனையில் பத்து வாசல்

மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் "நலம்னா கிலோ என்ன விலை?" என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் நான் மட்டுமே பேசுகிறேன், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பல் டாக்டரின் வரவேற்பு மேசையிலிருந்து எழுதுகிறேன். உள்ளே ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குகிறார்கள். அவர் போடும் சத்தத்தில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்.

சேதி இதுதான். உங்கள் வீடுகளை இடித்த இடத்தில் பூங்கா வேலை முடியப் போகிறது. புல் விரித்தாயிற்று. என் சமையலறை ஜன்னலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், உன் தையல் மெஷின் இருந்த இடத்தில் சறுக்குமரம் வருகிறது. நேற்று எங்கள் லிப்டில் மாநகராட்சி ஆட்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பூங்காவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அக்கம்பக்கத்து மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். அதன் முதல் வரி: "நீண்டகாலமாகக் காலியாகக் கிடந்த மனை." இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை பத்துக் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடம், காலி மனையாம்!

என்ன பெயர் வேண்டும், சொல். உன் சார்பில் நான் போய்க் கத்துகிறேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

உன்
ரேடியோ


மார்ச் 11

அடி ரேடியோ,

இங்கே வீடு புதுசு, சுவர் புதுசு, குழாயில் தண்ணீர்கூட வருகிறது. வாடிக்கைதான் இல்லை. பேன்ட் நீளம் குறைக்க யார் ஆறு மாடி மூச்சு வாங்க ஏறி வருவார்கள்? என் ஜிப்பை நானே மாற்றி, நானே பாராட்டிக்கொள்கிறேன்.

பெயர் கேட்டாய். யோசிக்க என்ன இருக்கிறது? பத்து வாசல். தபால்காரரிலிருந்து தண்ணி லாரிக்காரர் வரை எங்கள் பத்து வீட்டுச் சந்துக்கு அப்படித்தானே பெயர் சொன்னார்கள்? காலி மனையில் என் வீட்டுக்காரர் எப்படிப் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தார் என்று அந்த நோட்டீஸ் ஆபீசரைக் கேள்.

நன்றாகக் கேட்டுக்கொள், வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. மாற்று வீடு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் நாங்கள் அங்கே இருந்தோம் என்று ஒரு பலகையாவது சொல்ல வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொறிதான். அந்தப் பொறியாவது கிடைக்கட்டும்.

பத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் மட்டும் "இதெல்லாம் நடக்கிற காரியமாக்கா?" என்று இழுத்தான். "நடக்கலைன்னா உன் கை தேஞ்சா போயிடும்? போடுடா" என்று வாங்கினேன்.

ஊசி


மார்ச் 24

அன்புள்ள ஊசிக்கு,

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஆபீசர் அம்மா தங்கமானவள், கஷ்டமே அதுதான். கோபப்படவே விடமாட்டேன் என்கிறாள். டீ, பிஸ்கட், ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. பிடித்த பெயரை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நான் உங்கள் கையெழுத்துகளை நீட்டினேன். பக்குவமாக வாங்கிப் படித்துவிட்டு, "இவங்கல்லாம் இப்ப இங்க குடியிருக்கலையேம்மா. பூங்காவிலேர்ந்து பத்து நிமிஷ நடையில இருக்கிறவங்கதான் பேர் சொல்லலாம். விதி அப்படி" என்றாள்.

"பூங்காவுக்குள்ளேயே இருந்தவங்கம்மா அவங்க! நடக்கவே வேண்டாம்!" என்றேன். ஹாலே சிரித்தது. சிரிக்க வைக்க நான் சொல்லவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே, "உங்க உணர்வைப் பதிவு பண்ணிக்கிறோம்" என்று எழுதிக்கொண்டாள்.

சரியென்று நானே என் பெயரில் பத்து வாசல் என்று எழுதி ஒட்டினேன். எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் அதன் முன்னால் நின்று, "இருக்கிறதே ஒரே ஒரு கேட்டு. மிச்சம் ஒம்போதுக்கு எங்க போறது?" என்றார். மூன்றாம் மாடிக்குக் கைக்குழந்தையோடு புதிதாக வந்த பெண், நல்ல பெண்தான், "இடிச்சதையெல்லாம் குழந்தைங்களுக்கு ஏன் ஆன்ட்டி ஞாபகப்படுத்தணும்? சந்தோஷமா ஒரு பேர் வெக்கலாமே" என்றது. நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டேன். நானா! ரேடியோவா!

அடுத்த கூட்டம் ஏப்ரல் ஏழு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். நீ வா. உன் வாய்க்கு முன்னால் விதியாவது ஒன்றாவது.

உன்
ரேடியோ


ஏப்ரல் 9

ரேடியோ,

இரண்டு பஸ் மாறி வந்தேன், நீயே பார்த்தாய். வாசலிலேயே என் புடவையில் "பார்வையாளர்" என்று ஒட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்காரவைத்து, பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்கள். நான் எழுந்தேன். உன் தங்கமான ஆபீசர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வலி புரியுதும்மா. ஆனா நீங்க பேசினா கூட்டமே செல்லாதுன்னுடுவாங்க" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் நான் எங்கே கத்த? கொட்டாவிக்குக்கூடத் திறக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் கிளம்பினேன். முன்வரிசையில் இருந்த நீ திரும்பிப் பார்ப்பாய் என்று கொஞ்சம் நின்றேன். பரவாயில்லை, நீ மும்முரமாக இருந்தாய். என்ன முடிவானது என்று உடனே எழுது. இங்கே பத்து வீடும் வந்து கேட்கிறது. எலக்ட்ரீஷியன்கூட "என்னக்கா ஆச்சு?" என்கிறான். "ரேடியோ இருக்கா, அவ பாத்துக்குவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊசி


ஏப்ரல் 21

என் ஊசிக்கு,

எழுதி எழுதிக் கிழித்ததில் டாக்டரின் லெட்டர்பேடே தீர்ந்துவிட்டது. இதைக் கிழிக்கக் கூடாது என்று வைராக்கியமாக எழுதுகிறேன்.

நீ போன பிறகு, ஓட்டுக்கு விட ஐந்து பெயர்களைப் பொறுக்கினார்கள். பத்து வாசல் அதில் இல்லை. "எல்லாரையும் சேர்த்துக்கிற பேரா இல்லை"யாம். நான் எழுந்து கத்தினேன் ஊசி, சத்தியமாகக் கத்தினேன். உங்கள் வீடுகளைப் பற்றி, உன் வீட்டுக்காரரைப் பற்றி, எல்லாம் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி இருந்தது. "முடியாது, உக்காரு" என்று ஒருத்தர் அதட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பு வந்திருக்கும். கடைசியில், "சரி, அக்கம்பக்கம்னாவது வையுங்க. அதுல அவங்களும் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படியாவது உங்களை ஒரு மூலையில் நுழைத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் வந்த வார்த்தை.

ஹால் முழுக்கக் கை தட்டியது. ஆறாவது பெயராகச் சேர்த்துக்கொண்டார்கள். போன வாரம் ஓட்டெடுப்பில் அதுவே ஜெயித்துவிட்டது. அக்கம்பக்கம் பூங்கா. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பலகையில் உங்களைப் பற்றி ஒரு வரியாவது போடுங்கள் என்று ஆபீசர் அம்மாவிடம் போய் நின்றேன். "பேர்லேயே எல்லாம் அடங்கிடுச்சேம்மா, நீங்கதானே சொன்னீங்க" என்கிறாள். நான் என்ன செய்ய, சொல்.

மே முதல் வாரம் திறப்பு விழா. பெயர் சொன்னவள் என்று என்னையே ரிப்பன் வெட்டச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால், அடக்கம் என்று நினைத்து அதற்கும் கை தட்டுகிறார்கள். நீ வா. நீயே வெட்டு. வரமாட்டாய் என்றால் இரண்டு வரி திட்டியாவது எழுது.

உன்
ரேடியோ


மே 10

ரேடியோவுக்கு,

விழாவுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தேன், நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

பூங்கா அழகாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்த ஒருவர், "நீங்க எந்த பில்டிங்?" என்று கேட்டார். "இங்கதான் இருந்தேன்" என்றேன். "இங்க வீடே இல்லையே, வெறும் இடமால்ல கிடந்துச்சு?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். கை காட்டிச் சொல்வதற்கு அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை.

பத்து வாசல் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது பெரிதாக வலிக்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் யார்? எங்களைக் கொண்டுபோய் இரண்டு பஸ் தூரத்தில் போட்டுவிட்டு, அந்த இடத்துக்கு அக்கம்பக்கம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை நீ எடுத்துக் கொடுத்தாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு நான் போய்க் கேட்டால், "உங்க ஃபிரெண்டே வெச்ச பேரும்மா" என்பார்கள். என் வாயை அடைக்க இனி அவர்களுக்கு விதிகூடத் தேவையில்லை.

உன் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உன்மேல் குற்றமில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

கொஞ்ச காலத்துக்கு எழுதாதே. நீ எழுதினால் படித்துவிடுவேன். படித்தால் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் உன்னை மன்னித்ததாக ஆகிவிடும். அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஊசி