விரதக்காரனோடு சைகோனில்

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது. உச்சி மாடிக்கும் மேலே இருக்கும் மோட்டார் அறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே ஏதோ ஒரு வீட்டில் வியட்நாம்காரர்கள் தங்கியிருக்கிறார்கள் போல. மீன் சாஸ் கொதிக்கும் வாடை லிஃப்ட் கூண்டு ஓடும் பாதை வழியாக நேரே ஏறி வந்து மூக்கில் அடித்தது. சூடான காற்று மேலேதான் வரும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கை நின்றுவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "டேய், இவனுங்க பச்சத் தண்ணியிலயும் இதைத்தான் ஊத்துவானுங்களா?" என்று நீ கேட்டது அப்படியே காதில் விழுந்தது.

உன்னிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மச்சா. செத்தவனோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது உனக்கே தெரியும். நீ எங்கேயும் உட்கார்ந்து இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் பயணம் ஆரம்பித்ததே தப்புக் கணக்கில்தான். கிள்ளானில் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, சைகோனுக்கு மலிவு விமான டிக்கெட் விற்பனை திறக்கும்வரை நீ, நான், சரவணன் மூன்று பேரும் ஒரே போனை முறைத்துக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கும். நீ அதுவரை தாய்லாந்து எல்லையில் இருக்கும் ஹாட்யாயைத் தாண்டியதில்லை. "ஒரு தடவையாவது வெளிநாட்டு ராத்திரி எப்படி இருக்கும்னு பாத்துரணும்டா" என்று வருஷக்கணக்காய் நச்சரித்தவன் நீ. சரவணன் நாள்காட்டியைப் பார்த்தான். "தைப்பூச வாரத்துல லீவு குடுக்க மாட்டான். அதுக்கு முந்தின வாரம் போயிட்டு வந்துருவோம்" என்றான். சரி என்று அமுக்கினோம். சின்ன வயதிலிருந்து பத்துமலை ஏறுகிற மூன்று தமிழ்ப் பையன்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் விரத காலம் என்பது ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை. அந்த வருஷம் எங்கள் வீடுகளில் யாருக்கும் வேண்டுதல் இல்லை. அதனால் ஏறவில்லை.

அப்புறம்தான் உன் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போயிற்று. நீ மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாய். டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. நீ வரவில்லை என்றுதான் சொன்னாய். ஆன்டி, உன் அம்மாதான், உன்னைத் தள்ளிவிட்டார்கள். "போயிட்டு வாப்பா. நீ இப்படியே இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நானும் படுத்துருவேன். விரதத்தை அங்கயும் இருக்கலாம்" என்றார்கள்.

இருந்தாய். மஞ்சள் சட்டை, கழுத்தில் மாலை, முதுகில் பெரிய பை, பைக்குள் திருநீறு, ஒரு சீப்பு வாழைப்பழம். பன்னிரண்டு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் மேல் கட்டில், கீழ்க் கட்டில் என்று ஆளுக்கொன்று கொடுத்தால், விரதக்காரன் மெத்தையில் படுக்கக்கூடாது என்று நீ துண்டை விரித்துத் தரையில் படுத்தாய். விடியற்காலையில் மேல் கட்டிலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரன் உன் வயிற்றில் காலை வைத்துவிட்டு, உன்னைவிடச் சத்தமாக அவன் கத்தினான். "சாரி பாஸ்" என்று மிதிபட்ட நீதான் மன்னிப்புக் கேட்டாய். சரவணன் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கட்டில் முழுக்க ஆடியது.

ராத்திரி அந்தத் தெருவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் மதுக்கடை, எதிர் எதிராக ஸ்பீக்கர். ஒவ்வொரு கடையும் வேறு பாட்டு. பேஸ் அடிக்கிற அடியில் பிளாஸ்டிக் முக்காலி நகர்ந்தது. இப்படி வயரிங் செய்தவன் யார், ஒரே ஃபேஸில் எத்தனை லோடு ஏற்றியிருக்கிறான் என்று நான் எரிச்சலில் இருந்தேன். நீ வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டே நடந்தாய். நெருப்பைத் தின்கிற ஆள், சைக்கிளில் காய்ந்த கணவாய் சுட்டு விற்கிறவள், சிரிப்பு வாயு அடைத்த பலூன். எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாய்.

கடைக்கு ஆள் பிடிக்கிற பெண் ஒருத்தி உன் கையைப் பிடிக்க வந்தாள். நீ பதறி இரண்டு கையையும் கூப்பினாய். அவள் மாலையைப் பார்த்து, "யூ மங்க்?" என்றாள். சாமியாரா என்று கேட்கிறாள். நீ முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "நோ, நோ. ஃபோர்க்லிஃப்ட்" என்றாய். கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் நீ ஓட்டுகிற சரக்கு தூக்கும் வண்டியை அவள் என்னவென்று புரிந்துகொண்டாளோ, குனிந்து வணங்கினாள். சரவணனுக்கு மூக்கில் பீர் ஏறிவிட்டது.

பிறகு அவன் உன்னைச் சீண்ட ஆரம்பித்தான். "மச்சா, முருகன் இங்க வரமாட்டாருடா. ஒரே ஒரு மடக்கு."

"பாஸ்போர்ட் உனக்குத்தான்டா வேணும். அவருக்கு எதுக்கு?" என்றாய்.

நான் என் பங்குக்கு வழக்கம்போல உடைத்துப் பேசினேன். "உங்கப்பா மூளையில அந்த இடம் செத்துப்போச்சு மச்சா. ஸ்கேன்ல நீயே பாத்த. நீ பீர் குடிக்காம இருந்தா அது திரும்ப முளைக்காது."

"தெரியும்லா" என்றாய் எலுமிச்சை சோடாவை உறிஞ்சிக்கொண்டு. "குடிச்சாலும் முளைக்காதுல்ல?"

நான் அடுத்த பீருக்குக் கை காட்டினேன்.

யாரோ தட்டில் காய்கறி என்று கொண்டுவந்து வைத்ததை முகர்ந்து பார்த்தாய், மீன் சாஸ், நகர்த்தி வைத்தாய். வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டாய். அப்போது எதிர்க்கடைக்காரன் ஒரு தாளத்தைப் போட்டான். தலையைத் தூக்கினாய். "டேய், உறுமி அடிக்கிற மாதிரியே இருக்குடா!" அவ்வளவுதான். செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் இறங்கிக் காவடி ஆட்டம் ஆடினாய். குதிகால் தட்டி, சுழன்று, தோளில் இல்லாத காவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சுற்றிலும் வட்டம் கூடிவிட்டது. போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். உன்னை முழு போதை என்று நினைத்து ஒருத்தன் தண்ணீர் பாட்டில் நீட்டினான். அந்தத் தெருவில் போதை இல்லாமல் ஆடினவன் நீ ஒருத்தன்தான். எனக்கு மூன்று பீருக்குப் பிறகும் கால் எழவில்லை.

வேர்த்து வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டாய். இந்த நேரத்திலா என்றேன். அப்பா தூங்கமாட்டார் என்றாய். ஆன்டி போனை அங்கிள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். நீ போனைத் தெரு முழுக்கச் சுற்றிக் காட்டினாய். "அப்பா, பாருங்க, சைகோன். எவ்ளோ லைட்டு பாருங்க. அடுத்த தடவை நீங்களும் வர்றீங்க, நடந்தே வர்றீங்க." கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. திரையில் அவர் வாய் ஒரு பக்கம் கோணியது.

"சிரிச்சாரு. பாத்தியா? சிரிச்சாருடா!"

நான் பார்த்தது தொங்கிப்போன ஒரு வாயை. "லைன் விட்டு விட்டு வந்துச்சு மச்சா, சரியாத் தெரியல" என்றேன். என் வாழ்க்கையில் நான் மழுப்பியது அந்த ஒரு தடவை.

அடுத்த வாரம் காவடி எடுத்தாய். அங்கிளைச் சக்கர நாற்காலியோடு பத்துமலைப் படிக்கட்டின் அடிவரை நாங்கள் தள்ளிக்கொண்டு வந்தோம். நீ ஏறி இறங்கி வந்து, அவர் காலில் விழுந்து, அவர் வலது கையை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். நீ விட்டதும் கை சரிந்து விழுந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். "முதல் வருஷம்தானேடா" என்றாய்.

இரண்டாவது வருஷம் வரவில்லை. வேலைக்குப் போகிற காலையில் மழை, வளைவு, உன் மோட்டார் சைக்கிள், எதிரே லோரி. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் காரணம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. விரதத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் என்று உங்கள் சொந்தக்காரர் ஒருத்தர் சாவு வீட்டிலேயே முணுமுணுத்தார். மீன் சாஸ் தட்டை நகர்த்தி வைத்தவனை எனக்குத் தெரியும், வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரவணன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். எப்போதாவது குரல் செய்தி அனுப்புவான். இரண்டு பேரும் உன் பெயரை எடுப்பதில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் ஆன்டி கேட்டார்கள். "மீதி ரெண்டு வருஷத்தையும் நீ எடுக்கிறியாப்பா? அவன் வேண்டினது அப்படியே நிக்குது."

"எனக்கு நம்பிக்கை இல்ல ஆன்டி" என்றேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிப்பா. சாப்ட்டுப் போ" என்றார்கள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அங்கிளைக் குளிக்க வைக்க ஆன்டியால் தனியாக முடியாது. இடது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். செத்த பக்கத்தின் எடை முழுக்க நம்மேல் சாயும். நீ எப்படித் தினமும் தூக்கினாய் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு நாளைக்கே முதுகு பிடித்துக்கொள்கிறது.

உன்னைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியவில்லை. உன் சவப்பெட்டி அவர் முன்னால்தான் போயிற்று. பார்த்தார். ஆனால் சாயங்காலம், நீ வேலை முடிந்து வருகிற நேரத்தில், தாமான் குடியிருப்புக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஆன்டி பார்க்கச் சகிக்காமல் மறுபடியும் டிவி பக்கம் திருப்புவார்கள். அவர் மறுபடியும் திருப்புவார். ஒரு நாள் ஆன்டி உடைந்துபோய், "நீயாவது அவர்கிட்ட நேராச் சொல்லேன்ப்பா, நீதான் எதையும் மறைக்க மாட்டியே" என்றார்கள். நான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னேன். "அங்கிள், அவன் செத்துட்டான். இனிமே வரமாட்டான்." என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கிற்று. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. கலங்கின கண்ணோடு சக்கரத்தைத் தள்ள ஆரம்பித்தார்.

உன் வேண்டுதலை என்னால் எடுக்க முடியாது மச்சா. அது நடக்காது. அவர் நடக்கமாட்டார், பேசமாட்டார், நீயும் வரமாட்டாய். இதில் ஒன்றைக்கூட மாற்ற எந்தச் சாமானும் என்னிடம் இல்லை. இப்போது ஞாயிறு சாயங்காலம் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டை மாட்டியதும், ஆன்டி பின்கட்டுக்குப் போகும்வரை காத்திருக்கிறேன். பிறகு நானே நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி, கேட் முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்து, பிரேக்கைப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.